உணவு ஆர்டரும் படை இரகசியமும்: பென்டகன் பீட்சாக் கோட்பாடு

பென்டகன் பீட்சாக் கோட்பாடு என்பது அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனைச் சுற்றி உருவான ஓர் எளிய ஊகமாகும். பாதுகாப்புத் துறைத் தலைமையகமான பென்டகனுக்கும், வெள்ளை மாளிகை, மத்திய உளவு முகமை (சி.ஐ.ஏ.) போன்ற அலுவலகங்களுக்கும் இரவு நேரத்தில் செல்லும் பீட்சாக்களின் எண்ணிக்கை திடீரென உயர்ந்தால், விரைவில் ஏதோ ஒரு படை நடவடிக்கை தொடங்கும் என்பதே அந்த ஊகம். 1990-91 வளைகுடாப் போர்க் காலத்தில் இது செய்தித்தாள்கள் வழியாகப் பரவியது. 2025ஆம் ஆண்டில் சமூக ஊடகங்கள் இதற்கு மீண்டும் உயிர் கொடுத்தன.

இது பெரும்பாலும் நகைச்சுவையாகவே பேசப்படுகிறது. எனினும் இதன் பின்னால் பழமையான கேள்வி ஒன்று இருக்கிறது. படைத்திட்டத்தைப் பூட்டி வைத்தாலும் அதைத் தீட்டுபவர்களின் பசியைப் பூட்டி வைக்க முடியுமா? உணவு, எரியும் விளக்கு, நிறைந்த வண்டி நிறுத்தம் போன்ற அன்றாடச் செய்திகளிலிருந்து எதிரியின் எண்ணத்தை ஊகிக்கும் முயற்சி வரலாறு முழுவதும் காணப்படுகிறது. சில வேளைகளில் அது பலித்தது. வேறு சில வேளைகளில் தவறாகப் படித்தவர்களைப் பேராபத்தின் விளிம்புக்கே கொண்டு சென்றது.

அடிப்படைக் கருத்து

ஓர் அரசு இரகசியம் என்று கருதுவது பொதுவாகத் திட்டத்தின் உள்ளடக்கத்தையே. எந்த நாட்டின் மீது, எந்த நாளில், எத்தனை விமானங்களுடன் தாக்குவது என்பன போன்ற விவரங்கள் முத்திரையிட்ட கோப்புகளில் இருக்கும். ஆனால் அந்தக் கோப்புகளை ஆயத்தம் செய்வதற்கு மனிதர்கள் தேவை. அவர்கள் வழக்கமான நேரத்தைத் தாண்டி அலுவலகத்தில் இருப்பார்கள். இரவில் அலுவலக உணவகம் மூடியிருந்தால் வெளியிலிருந்து உணவு வரவழைப்பார்கள். உணவு விற்பவருக்குத் திட்டத்தைப் பற்றி எதுவும் தெரியாது. ஆனால் "இன்று இரவு வழக்கத்தைவிட அதிகம் பேர் விழித்திருக்கிறார்கள்" என்பது மட்டும் அவருக்குத் தெரிந்துவிடுகிறது.

இங்கே முக்கியமானது எண்ணிக்கை அன்று. வழக்கத்திலிருந்து ஏற்படும் விலகலே. ஒவ்வோர் இரவும் நூறு பீட்சா வாங்கும் அலுவலகம் இன்றும் நூறு வாங்கினால் அதில் செய்தி இல்லை. மூன்று வாங்கும் அலுவலகம் நூறு வாங்கினால் அது கவனத்தை ஈர்க்கிறது. ஆகவே இத்தகைய குறிகாட்டியைப் பயன்படுத்த விரும்புபவர் முதலில் வழக்கமான நாள்களின் கணக்கைப் பொறுமையாகத் திரட்டி வைத்திருக்க வேண்டும்.

பழங்கால எடுத்துக்காட்டுகள்

படைகளின் உணவைக் கவனித்து அவற்றின் நிலையை அறியும் முறை பண்டைய சீனப் போர்நூல்களில் தெளிவாகப் பதிவாகியுள்ளது. சுன் சூ எழுதியதாகக் கருதப்படும் 'போர்க் கலை' நூலின் ஒன்பதாம் அதிகாரம், எதிரியின் பாசறையைத் தூரத்திலிருந்து பார்த்து அறிய வேண்டிய அடையாளங்களைப் பட்டியலிடுகிறது. தண்ணீர் எடுக்க வந்தவர்கள் முதலில் தாங்களே குடித்தால் அந்தப் படை தாகத்தால் வாடுகிறது என்று பொருள். குதிரைகளுக்குத் தானியம் கொடுத்து, இழுவை மாடுகளை அறுத்து உண்டு, சமையல் பாத்திரங்களை மீண்டும் தொங்கவிடாமல் விட்டுவிட்டால், அந்த வீரர்கள் திரும்பிப் போகும் எண்ணம் இல்லாமல் இறுதிவரை போரிடத் துணிந்துவிட்டார்கள் என்று பொருள்.

இத்தகைய அடையாளங்களை எதிரி கவனிக்கிறான் என்று தெரிந்தால், அவற்றைப் பொய்யாகவும் உருவாக்கலாம். இதற்குப் புகழ்பெற்ற சான்று கி.மு. 342-341 காலத்தில் நடந்த மாலிங் போர் ஆகும். சிமா சியான் எழுதிய 'வரலாற்றுப் பதிவுகள்' இதை விவரிக்கிறது. வெய் நாட்டுக்குள் நுழைந்த சி நாட்டுப் படையின் போர்த்தந்திர ஆலோசகர் சுன் பின், முதல் நாள் ஒரு இலட்சம் பேருக்கான அடுப்புகளை அமைக்கச் செய்தார். மறுநாள் அதை ஐம்பதாயிரமாகவும், அதற்கு அடுத்த நாள் முப்பதாயிரமாகவும் குறைத்தார்.

பின்தொடர்ந்து வந்த வெய் நாட்டுத் தளபதி பாங் சுவான் கைவிடப்பட்ட அடுப்புகளை எண்ணினார். மூன்று நாள்களில் எதிரிப் படையில் பாதிக்கும் மேற்பட்டோர் ஓடிவிட்டார்கள் என்று மகிழ்ந்தார். காலாட்படையை விட்டுவிட்டு, விரைந்து செல்லக்கூடிய சிறு படையுடன் முன்னேறினார். மாலிங் என்ற குறுகிய வழியில் பதுங்கியிருந்த வில்லாளர்கள் அப்படையை அழித்தார்கள். பாங் சுவான் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் எண்ணிய கணக்கில் பிழை இல்லை. அக்கணக்கு தமக்காகவே தயாரிக்கப்பட்டது என்பதை அவர் உணரவில்லை.

ஏறத்தாழ 450 ஆண்டுகள் கழித்து, கீழை ஹான் அரசின் அதிகாரி யூ சூ இதே தந்திரத்தைத் தலைகீழாகக் கையாண்டார். சியாங் மக்களின் பெரும்படை அவரது சிறிய படையைத் துரத்தியபோது, அவர் நாள்தோறும் அடுப்புகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போனார். வழியில் துணைப்படைகள் வந்து சேர்கின்றன என்று நினைத்த எதிரிகள் நெருங்கத் தயங்கினார்கள். சுன் பின் தம்மைப் பலவீனராகக் காட்ட விரும்பினார். யூ சூ தம்மை வலியவராகக் காட்ட விரும்பினார். இருவரும் பயன்படுத்திய மொழி அடுப்பு ஒன்றே.

இந்தியாவில் கௌடில்யரின் 'அர்த்தசாத்திரம்' உணவின் மற்றொரு பக்கத்தைச் சுட்டுகிறது. அமைச்சர் முதலிய உயர் அலுவலர்களின் வீட்டுக்குள் நடப்பதை அறிய, சமையற்காரர், நீராட்டுபவர், தண்ணீர் கொண்டுவருபவர் போன்ற வேடங்களில் ஒற்றர்களை அமர்த்தலாம் என்று அந்நூல் கூறுகிறது. சமையலறை வாசல்வழி நுழைபவரை யாரும் கேள்வி கேட்பதில்லை என்ற உலக அனுபவமே இதற்கு அடிப்படை.

பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவிலும் ரொட்டியே படைகளின் நடமாட்டத்தைத் தீர்மானித்தது. பெரும்படை ஒன்று நகர வேண்டுமானால் முன்கூட்டியே மாவுக் கிடங்குகளையும் ரொட்டி அடுப்புகளையும் அமைக்க வேண்டியிருந்தது. கிடங்கிலிருந்து சில நாள் நடைத் தொலைவுக்கு அப்பால் படை செல்வது கடினம். எனவே எந்த ஊரில் மாவு குவிகிறது, எங்கே அடுப்புகள் கட்டப்படுகின்றன என்பதை அறிந்தவர், போர் எந்தத் திசையில் நடக்கும் என்பதையும் பெருமளவு ஊகிக்க முடிந்தது.

பென்டகனும் பீட்சாவும்

வர்ஜீனியா மாநிலத்தின் ஆர்லிங்டனில் 1943ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட பென்டகன், உலகின் மிகப்பெரிய அலுவலகக் கட்டடங்களுள் ஒன்று. இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே பணிபுரிகின்றனர். பகலில் உணவுக்குக் குறையில்லை. பழைய நாள்களில் நள்ளிரவில் பசித்தவர்களுக்கு எளிதாகக் கிடைத்தது தொலைபேசியில் அழைத்தால் வந்துசேரும் பீட்சாதான். 1960இல் மிச்சிகன் மாநிலத்தில் ஒரே கடையாகத் தொடங்கிய டோமினோஸ், 1980களில் அமெரிக்கா முழுவதும் பரவிவிட்டது. வாஷிங்டன் வட்டாரத்தில் அதன் பல கிளைகளை நடத்தியவர் ஃபிராங்க் மீக்ஸ்.

1990 ஆகஸ்ட் 2 அதிகாலையில் ஈராக் படைகள் குவைத்துக்குள் நுழைந்தன. அதற்கு முந்தைய இரவு, ஆகஸ்ட் 1 அன்று, சி.ஐ.ஏ. ஒரே இரவில் 21 பீட்சாக்களை வரவழைத்தது என்றும், அது அந்த அலுவலகத்தின் உச்ச அளவு என்றும் மீக்ஸ் செய்தியாளர்களிடம் கூறினார். 1989 டிசம்பரில் பனாமா மீது அமெரிக்கா படையெடுத்தபோதும், 1983 அக்டோபரில் கிரெனடாவில் படை இறங்கியபோதும், முந்தைய இரவில் பென்டகனுக்குச் சென்ற பீட்சாக்கள் பெருகின என்ற செய்தியும் அப்போது வெளிவந்தது.

1991 ஜனவரி நடுவில் இக்கதை உறுதிப்பட்டது. வழக்கமாக விரல்விட்டு எண்ணத்தக்க பீட்சாக்களே செல்லும் பென்டகனுக்கு, ஜனவரி 15 இரவில் நூறு அளவிலும், வெள்ளை மாளிகைக்கு ஐம்பதுக்கு மேலும் சென்றதாக மீக்ஸ் தெரிவித்தார். மறுநாள் மாலை, அதாவது ஈராக்கில் ஜனவரி 17 அதிகாலை, 'பாலைவனப் புயல்' என்ற பெயரில் அமெரிக்கக் கூட்டணியின் விமானத் தாக்குதல் தொடங்கியது. செய்தியாளர்கள் பீட்சாவைக் கவனிக்க வேண்டும் என்ற வேடிக்கைப் பேச்சு அதன்பின் நிலைத்துவிட்டது.

காலக்கணக்கில் ஒரு சோதனை

மேலே கண்ட நிகழ்வுகளை அவை நடந்த நாள், நேரம் ஆகியவற்றோடு ஒப்பிட்டால் கதை சற்று மாறுகிறது.

முதலில் குவைத். கோடைக் காலத்தில் குவைத் நேரம் வாஷிங்டன் நேரத்தைவிட 7 மணி நேரம் முந்தியது. ஈராக்கியப் படைகள் எல்லையைக் கடந்தது குவைத்தில் நள்ளிரவுக்குப் பின் ஓரிரு மணி நேரத்தில். அப்போது வாஷிங்டனில் ஆகஸ்ட் 1 மாலை. ஆகவே அன்று இரவு சி.ஐ.ஏ.வுக்குப் பீட்சா சென்றபோது படையெடுப்பு ஏற்கெனவே தொடங்கியிருக்க மிகுந்த வாய்ப்பு உண்டு. அந்த 21 பீட்சா போரை முன்னறிவித்தது என்பதைவிட, போர்ச் செய்தியைக் கேட்டவர்களின் இரவுணவு என்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது. அதோடு, 21 பீட்சா அறுபது எழுபது பேருக்கே போதும். ஒரு பெரிய அலுவலகத்தில் பயிற்சி வகுப்போ, ஒரு பிரிவின் நீண்ட கூட்டமோ நடந்தாலும் அந்த அளவு வந்துவிடும்.

கிரெனடா நிகழ்விலும் சிக்கல் உள்ளது. அங்கே அமெரிக்கப் படை இறங்கியது 1983 அக்டோபர் 25. அதற்கு இரண்டு நாள் முன்பு, அக்டோபர் 23 அன்று, லெபனான் தலைநகர் பெய்ரூத்தில் அமெரிக்கக் கடற்படைப் பிரிவினர் தங்கியிருந்த கட்டடம் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டு 241 அமெரிக்கர்கள் உயிரிழந்தனர். அந்த வாரம் பென்டகனில் இரவு முழுவதும் விளக்கெரியப் பெய்ரூத் ஒன்றே போதிய காரணமாகும். பீட்சாவை எண்ணியவருக்கு அது பெய்ரூத்துக்கா, கிரெனடாவுக்கா என்று பிரித்தறிய வழி இல்லை.

பனாமாவில் 1989 டிசம்பர் 16 அன்று அமெரிக்க அதிகாரி ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன்பின் பதற்றம் எல்லோருக்கும் தெரிந்ததே. வளைகுடாப் போரிலோ, ஈராக் குவைத்தை விட்டு வெளியேற வேண்டிய கெடு 1991 ஜனவரி 15 என்று ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு அவையின் 678ஆம் தீர்மானம் 1990 நவம்பரிலேயே அறிவித்துவிட்டது. கெடு முடியும் இரவில் போர் நெருங்குகிறது என்பதை அறிய பீட்சாக் கடையைப் பார்க்க வேண்டியதில்லை; நாள்காட்டியைப் பார்த்தாலே போதும்.

1998 டிசம்பர் நிகழ்வு இன்னும் தெளிவான பாடம். அந்த மாதம் 16 முதல் 19 வரை அமெரிக்காவும் பிரிட்டனும் ஈராக் மீது 'பாலைவன நரி' என்ற விமானத் தாக்குதலை நடத்தின. அதே வாரத்தில், டிசம்பர் 19 அன்று, அதிபர் பில் கிளின்டன் மீது பதவி நீக்கக் குற்றச்சாட்டை அமெரிக்கப் பிரதிநிதிகள் அவை நிறைவேற்றியது. அப்போதும் வாஷிங்டன் அலுவலகங்களின் பீட்சாப் பெருக்கம் பேசப்பட்டது. போர் காரணமாக விழித்திருந்தவர்களும், பதவி காரணமாக விழித்திருந்தவர்களும் ஒரே உணவைத்தான் உண்டார்கள். "நெருக்கடி இருக்கிறது" என்று மட்டுமே உணவால் சொல்ல முடியும். "என்ன நெருக்கடி" என்று சொல்ல முடியாது.

நான்கு கட்டங்கள்

ஒரு குறிகாட்டி நம்பத்தக்கதா என்று அறிய மாணவர்கள் நான்கு கட்டங்கள் கொண்ட அட்டவணை ஒன்றை வரைந்து பார்க்கலாம். பீட்சா கூடியது, போர் வந்தது. பீட்சா கூடியது, போர் வரவில்லை. பீட்சா கூடவில்லை, போர் வந்தது. பீட்சா கூடவில்லை, போரும் வரவில்லை. கதைகளில் நினைவுகூரப்படுவது முதல் கட்டம் மட்டுமே. வரவுசெலவுத் திட்டம் தயாரிக்கும் இரவுகள், கணினிக் கோளாறு ஏற்பட்ட இரவுகள், தொலைக்காட்சியில் பெரிய விளையாட்டுப் போட்டி நடந்த இரவுகள் ஆகியவற்றில் சென்ற பீட்சாவை யாரும் செய்தியாக்குவதில்லை. மற்ற மூன்று கட்டங்களும் வெறுமையாக இருக்கும்வரை முதல் கட்டத்தின் எண்ணிக்கை எதையும் நிறுவாது.

நிகழ்ச்சி முடிந்தபின் பழைய செய்திகளுக்குப் புதிய பொருள் கற்பிக்கும் இயல்பும் மனிதர்களிடம் உண்டு. 1857ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வட இந்தியக் கிராமங்களில் சப்பாத்திகள் காவலர் கைமாறிக் கைமாறி ஊர் ஊராகச் சென்றன. பெற்றவர் மேலும் சில சுட்டு அடுத்த ஊருக்கு அனுப்ப வேண்டும். ஏன் என்று கொண்டுசென்றவர்களுக்கே தெரியவில்லை. அந்த ஆண்டு மே 10 அன்று மீரட்டில் கிளர்ச்சி வெடித்ததும், சப்பாத்தி ஒரு சதியின் அடையாளம் என்று ஆங்கிலேய அதிகாரிகள் பலர் நம்பினர். அதன் நோக்கம் குறித்து வரலாற்றாசிரியர்களிடையே இன்றுவரை ஒருமித்த கருத்து இல்லை. நோயை விரட்டும் சடங்காகவும் அது இருந்திருக்கலாம் என்று கருதுவோர் உண்டு.

தவறான வாசிப்பின் ஆபத்து

அன்றாடக் குறிகளைத் தவறாகப் படிப்பது எவ்வளவு பெரிய விளைவைத் தரக்கூடும் என்பதற்குச் சோவியத் ஒன்றியத்தின் 'ரியான்' நடவடிக்கை எடுத்துக்காட்டாகும். அமெரிக்காவும் நேட்டோ நாடுகளும் திடீர் அணுஆயுதத் தாக்குதலுக்கு ஆயத்தமாகின்றன என்று அஞ்சிய சோவியத் தலைமை, 1981இல் அதன் அறிகுறிகளைத் தேடுமாறு கே.ஜி.பி.க்கு ஆணையிட்டது. இலண்டனில் பணியாற்றிய கே.ஜி.பி. அதிகாரி ஒலெக் கோர்டியெவ்ஸ்கி பிரிட்டனுக்கு இரகசியமாகத் தகவல் தந்துவந்ததால் இந்த ஆணைகளின் விவரங்கள் பின்னர் வெளிவந்தன.

அரசு அலுவலகங்களில் இரவு எரியும் விளக்குகளை எண்ண வேண்டும். வண்டி நிறுத்தங்களில் உள்ள வாகனங்களைக் கவனிக்க வேண்டும். இரத்த வங்கிகள் வழக்கத்தைவிட அதிகம் சேகரிக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கால்நடைகளைப் பெருமளவில் அறுத்து இறைச்சியைக் குளிர்கிடங்குகளில் சேர்க்கிறார்களா என்பதையும் அறிய வேண்டும். இவ்வாறு உணவும் விளக்கும் இரத்தமும் போரின் முன்னறிவிப்புகளாகக் கொள்ளப்பட்டன.

இந்தப் பட்டியலில் இரண்டு குறைகள் இருந்தன. முதலாவது, ஆணை எழுதியவர்களுக்கு அந்நாட்டு வழக்கம் தெரியவில்லை. பிரிட்டனில் இரத்தம் கொடுப்போர் அதை இலவசமாகவே கொடுக்கின்றனர். ஆனால் மாஸ்கோ, கொடையாளருக்குத் தரப்படும் விலை உயர்கிறதா என்று கவனிக்கச் சொன்னது. அலுவலகத்தில் இரவு விளக்கெரிவதற்குத் துப்புரவுப் பணியாளர்களே காரணமாக இருக்கலாம் என்பதும் எண்ணப்படவில்லை. இரண்டாவது குறை இன்னும் கொடியது. மேலிடம் அறிகுறிகளை எதிர்பார்த்தது; ஆகவே கீழுள்ளவர்கள் தாங்கள் நம்பாதவற்றையும் எழுதி அனுப்பினார்கள். அந்த அறிக்கைகள் மேலிடத்தின் அச்சத்தை மேலும் வளர்த்தன.

இந்தச் சூழலில்தான் 1983 நவம்பரில் நேட்டோ 'ஏபிள் ஆர்ச்சர் 83' என்ற போர்ப் பயிற்சியை நடத்தியது. அணுஆயுதப் பயன்பாட்டு ஆணைகளை ஒத்திகை பார்க்கும் பயிற்சி அது. அதை உண்மையான தாக்குதலின் மறைப்பாகச் சோவியத் தரப்பினர் சிலர் ஐயுற்றனர். உலகம் அணுப்போருக்கு எவ்வளவு நெருங்கியது என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் விளக்கையும் இறைச்சியையும் எண்ணும் முறை அமைதியைத் தருவதற்குப் பதிலாக அச்சத்தைப் பெருக்கியது என்பதில் ஐயமில்லை.

குறி தென்படாததையே ஆறுதலாகக் கொள்வதும் ஆபத்தானது. சோவியத் படை உளவுத்துறையிலிருந்து தப்பிவந்த எழுத்தாளர் விக்டர் சுவோரோவ் 'ஐஸ்பிரேக்கர்' நூலில் ஒரு செய்தியைக் கூறுகிறார். 1941இல் ஜெர்மனி தாக்குமா என்று அறிய, அத்துறையின் தலைவர் ஃபிலிப் கோலிகோவ் ஐரோப்பாவில் ஆட்டிறைச்சியின் விலையைக் கவனித்தாராம். உருசியக் குளிரில் போரிட இலட்சக்கணக்கான ஆட்டுத்தோல் மேலங்கிகள் வேண்டும். அதற்கு ஆடுகளை அறுத்தால் இறைச்சி விலை சரியும் என்பது தருக்கம். விலை சரியவில்லை. ஜெர்மனி குளிர்காலத்துக்கு ஆயத்தமாகாமலேயே 1941 ஜூன் 22 அன்று தாக்கியது. குளிர்காலத்துக்கு முன் வெற்றி கிட்டிவிடும் என்று ஹிட்லர் நம்பியிருந்தார். சுவோரோவின் நூலின் மையக் கருத்தைப் பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் ஏற்பதில்லை. ஆகவே இச்செய்தியையும் எச்சரிக்கையுடனேயே கொள்ள வேண்டும். எனினும், எதிரியும் நம்மைப் போலவே திட்டமிடுவான் என்று கருதுவது தவறு என்பதை இது நன்கு விளக்குகிறது.

செயற்பாட்டுப் பாதுகாப்பு

சிறு கசிவுகளின் ஆற்றலை அமெரிக்கப் படையினர் வியட்நாம் போரில் உணர்ந்தார்கள். தங்கள் குண்டுவீச்சு விமானங்கள் வருவதை எதிரி முன்கூட்டியே அறிந்துகொள்வது எப்படி என்று ஆராய 1966-67இல் 'பர்ப்பிள் டிராகன்' என்ற குழு அமைக்கப்பட்டது. ஒற்றர்களையோ முறியடிக்கப்பட்ட சங்கேதக் குறிகளையோ மட்டும் தேடாமல், ஒரு தாக்குதலுக்கு முன் நடக்கும் ஒவ்வொரு வேலையையும் எதிரியின் கண்ணோட்டத்தில் அக்குழு பார்த்தது. பிற விமானங்கள் விலகிச் செல்வதற்காக வெளியிடப்படும் வான்வழி அறிவிப்புகள், மாறாத நடைமுறைகள் போன்ற இரகசியமல்லாத செய்திகளே திட்டத்தைக் காட்டிக்கொடுப்பதை அது கண்டது.

இதிலிருந்தே 'செயற்பாட்டுப் பாதுகாப்பு' என்ற துறை உருவானது. 1988 ஜனவரியில் அதிபர் ரொனால்ட் ரீகன் பிறப்பித்த ஆணை இதை அரசின் பல துறைகளுக்கும் விரிவுபடுத்தியது. எதைக் காக்க வேண்டும், யார் அதை அறிய விரும்புவார், எந்த அன்றாடச் செயல் அதைக் காட்டிக்கொடுக்கும், அதை எப்படி மறைப்பது அல்லது மாற்றுவது என்ற வரிசையில் இத்துறை சிந்திக்கிறது. பீட்சாக் கதை இதற்கு எளிதில் புரியும் விளக்கமாக அமைந்துவிட்டது.

இணைய காலம்

முற்காலத்தில் பீட்சாவின் எண்ணிக்கை கடைக்காரருக்கு மட்டுமே தெரியும். இன்று கைப்பேசிகள் தரும் இருப்பிடத் தகவலைக் கொண்டு, ஒரு கடையில் இப்போது எவ்வளவு கூட்டம் இருக்கிறது என்பதைக் கூகுள் வரைபடம் யாருக்கும் காட்டுகிறது. 2018 ஜனவரியில் 'ஸ்ட்ராவா' என்ற உடற்பயிற்சிச் செயலியின் உலக வரைபடத்தில், பாலைவனங்களின் நடுவே படைமுகாம்களின் ஓட்டப்பாதைகள் ஒளிக்கோடுகளாகத் தெரிவதை ஆஸ்திரேலிய மாணவர் ஒருவர் சுட்டிக்காட்டினார். வீரர்கள் எந்த இரகசியத்தையும் வெளியிடவில்லை. காலையில் ஓடினார்கள், அவ்வளவே.

பென்டகனுக்கு அருகிலுள்ள பீட்சாக் கடைகளின் கூட்டத்தைக் கண்காணிக்கும் கணக்கு ஒன்று எக்ஸ் தளத்தில் இயங்குகிறது. 2025 ஜூன் 12 மாலை 7 மணியளவில் அக்கடைகளில் வழக்கத்தை மீறிய கூட்டம் இருப்பதாக அது பதிவிட்டது. சுமார் ஒரு மணி நேரத்தில் ஈரான் மீது இஸ்ரேலின் தாக்குதல் தொடங்கிய செய்தி வந்தது. உலகெங்கும் இப்பதிவு பகிரப்பட்டது. ஆனால் அதற்கு முந்தைய நாளே பாக்தாத் தூதரகத்திலிருந்து ஊழியர்கள் சிலரை வெளியேற்றுவதாக அமெரிக்கா வெளிப்படையாக அறிவித்திருந்தது. பீட்சாவைவிட அது வலுவான குறி. பென்டகன் தரப்போ, கட்டடத்துக்குள்ளேயே பீட்சா உட்படப் பலவகை உணவு கிடைப்பதாகக் கூறி இக்கோட்பாட்டை மறுத்தது. பாதுகாப்புத் துறையின் தலைவர் பீட் ஹெக்செத், எல்லோரையும் குழப்புவதற்காக ஏதேனும் ஓர் இரவில் நிறையப் பீட்சா வரவழைக்கலாமா என்று எண்ணியதாகப் பின்னர் ஒரு பேட்டியில் நகைச்சுவையாகச் சொன்னார்.

அது நகைச்சுவையானாலும் சுன் பின்னின் அடுப்புகளுக்கு நெருங்கிய உறவு. அதே ஜூன் மாதம் 21-22 தேதிகளில் ஈரானின் அணு நிலையங்களை அமெரிக்கா தாக்கியபோது, பி-2 குண்டுவீச்சு விமானங்கள் சில மேற்கு நோக்கிப் பசிபிக் பெருங்கடல் வழியாகப் பறக்கவிடப்பட்டன. வானத்தைக் கவனிக்கும் ஆர்வலர்கள் அவற்றைப் பின்தொடர்ந்து செய்தி பரப்பினர். உண்மையில் தாக்கவிருந்த விமானங்கள் ஓசையின்றிக் கிழக்கு நோக்கிச் சென்றன. கவனிப்பவர் இருக்கிறார் என்று தெரிந்தால், அவர் காண வேண்டியதையும் வடிவமைத்துவிட முடியும்.

மதிப்பீடு

உணவு ஆர்டர்கள் படைத்திட்டத்தின் உள்ளடக்கத்தை வெளியிடுவதில்லை. ஓர் அலுவலகம் வழக்கத்துக்கு மாறாக இயங்குகிறது என்பதை மட்டுமே அவை தெரிவிக்கின்றன. தூதரக வெளியேற்றம், படைகளின் நகர்வு, கெடு நாள்கள் போன்ற பிற செய்திகளுடன் சேர்த்துப் பார்க்கும்போது அவை சிறிய துணைச்சான்றாகலாம். தனியே நின்று எதையும் நிறுவும் வலிமை அவற்றுக்கு இல்லை.

பாங் சுவான் அடுப்புகளைச் சரியாக எண்ணித் தோற்றார். கே.ஜி.பி. விளக்குகளைச் சரியாக எண்ணி, தவறான அச்சத்தை அடைந்தது. இரண்டு நிகழ்வுகளிலும் எண்ணிக்கையில் குறை இல்லை. இந்தக் குறிக்கு வேறு காரணம் இருக்கலாமா, இதை யாரேனும் வேண்டுமென்றே காட்டுகிறார்களா என்ற இரு கேள்விகளையும் அவர்கள் கேட்கத் தவறினார்கள். கூட்டம் நிறைந்த ஒரு பீட்சாக் கடையின் படத்தைக் கைப்பேசியில் கண்டு போர்ச் செய்தியாகப் பகிர முனைவோருக்கும் இவ்விரு கேள்விகளும் பொருந்தும்.